என் பெயரில் இருக்கும் வரிகள்

பிடுங்கு, செருகு, பார். மறுபடி பிடுங்கு, செருகு, பார். சாப்பிட்டு வந்ததிலிருந்து இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், ஒரு கறுப்புக் கேபிளின் தலையைப் பிடித்துக்கொண்டு, இந்தக் குளிர் பிடித்த லேபில் துப்பட்டாவைத் தோள்வரை போர்த்திக்கொண்டு, நாலு மணிக்கு வேலை போகப்போகிற நான். போகப்போகிறது என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்ல மாட்டார்கள். "ஜேகே, நாலு மணிக்கு மேல வந்துட்டுப் போறீங்களா, ஒரு சின்ன டிஸ்கஷன்" என்று எச்.ஆர். ஷாமினி காலையில் போன் செய்தாள், குரலில் சர்க்கரையைக் கரைத்து. சின்ன டிஸ்கஷனுக்கு மேலே போனவர்கள் தங்கள் நாற்காலிக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. லிஃப்டில் நேராகக் கீழே இறங்கிவிடுவார்கள். சாப்பாட்டுப் பையையும் குடையையும் செக்யூரிட்டிக்காரர் பின்னாலேயே கொண்டுபோய்க் கொடுப்பார். எல்லாரும் திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டே இருப்போம், ஒருவரும் தலையைத் தூக்க மாட்டோம். இன்றைக்கு என் பை. எனக்கு என்ன கோபம் என்றால், பை போவது கூட இல்லை, செய்யாத ஒன்றுக்காகப் போகிறதே, அதுதான். பிடுங்கு. விளக்கு சிவப்பு. செருகு. விளக்கு பச்சை. திரையில் ‘இணைப்பு தயார்’. தயாராம். எத்தனையோ தடவை ஒழுங்காகத்தான் தயாராகிறது, என்றைக்கோ ஒரு தடவை மட்டும் கூசாமல் பொய் சொல்கிறது. அந்த ஒரு தடவை எது என்று பிடித்துவிட்டால் மேலே போய் அவள் முகத்துக்கு நேராக நாலு வார்த்தை கேட்கலாம். பிடிக்க முடியவில்லை. கேபிளின் ஓரம் கீறிக் கட்டைவிரல் நகத்தடியில் எரிகிறது, எரியட்டும்.

ஷாமினிக்கு எப்படிப் புரியவைப்பது? அவளுக்கு டிரைவர் என்றால் கார் ஓட்டுகிறவர். குறையாகச் சொல்லவில்லை, அவள் படித்தது வேறு. ஆனால் தெரியாத விஷயத்துக்குத் தண்டனை மட்டும் கொடுக்கத் தெரிகிறதே, அங்கேதான் பற்றிக்கொண்டு வருகிறது. இப்படி ஆரம்பிக்கலாம். இதோ பாருங்க ஷாமினி, நம் கம்பெனி தகவலைச் சேமித்து வைக்கிற பெட்டி செய்கிறது. பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு கேபிள். இது பேசுவது அதற்குப் புரியாது, அது பேசுவது இதற்குப் புரியாது, நடுவில் ஒரு புரோகிராம் உட்கார்ந்து இங்கே வாங்கி அங்கே கொடுக்கிறது, அதற்குப் பெயர்தான் டிரைவர். கேபிள் ஆடினாலோ பெட்டி அணைந்து எழுந்தாலோ தொடர்பு அறுந்துபோகும். அறுந்தால் டிரைவர் தானாகவே மறுபடி சேர்த்துக்கொள்ள வேண்டும், வந்ததைத் தொலைக்காமல். இது தொலைக்கிறது. தொலைத்துவிட்டு, வாங்கிக்கொண்டேன், பத்திரமாக வைத்துவிட்டேன் என்று பதில் வேறு சொல்கிறது. போன மாதம் ஓர் ஆஸ்பத்திரியில் இப்படித்தான் ஒரு காலைநேரத்து ஸ்கேன் படங்கள் காணாமல் போயின. எடுத்தார்கள், சேமித்தாயிற்று என்று திரை சொன்னது, சாயந்திரம் டாக்டர் திறந்து பார்த்தால் வெறும் கட்டம். அத்தனை பேருக்கும் போன் போட்டு மறுபடி வரச் சொன்னார்களாம். எத்தனை பேர் வந்தார்களோ. கழுத்தில் கட்டி என்று எனக்கே ஒரு தடவை எடுத்தார்கள், சில்லென்ற ஜெல்லைத் தடவி, மல்லாக்கப் படுக்கவைத்து. அந்தப் பெண் திரையைப் பார்த்துக்கொண்டு ஒன்றுமே பேசாமல் இருந்தாள், அவள் பேசாத ஒவ்வொரு நொடியும் எனக்கு உயிர் போய் வந்தது. அதை மறுபடி வந்து படு என்று யாராவது கூப்பிட்டிருந்தால் போயிருப்பேனா? போயிருக்க மாட்டேன். ஒன்றும் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டிலேயே இருந்திருப்பேன். அப்படி வீட்டிலேயே இருந்துவிட்ட ஒருத்தி இந்நேரம் எங்கேயோ குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கிறாள், நடுநடுவே கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு. அவளுக்கும் நான்தான் காரணம் என்று ஒரு மீட்டிங்கில் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள்.

பெரிய திரை. அதை நினைத்தாலே காது சுடுகிறது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புரோகிராமில் ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் யார் என்று கேட்டால் கம்ப்யூட்டர் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு பெயரைப் போட்டுக் காட்டும். அந்தக் கட்டளையின் பெயரே ‘பிளேம்’, அதாவது பழி. வைத்தவன் விளையாட்டுக்கு வைத்தான், இங்கே நிஜமாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். என் மேனேஜர் ரகோத்தமன் டிரைவரில் இணைப்பைக் கவனிக்கிற கோப்பைத் திறந்து அந்தக் கட்டளையைப் போட்டார். மேலிருந்து கீழ்வரை ஜெயக்கொடி, ஜெயக்கொடி, ஜெயக்கொடி, தெருவெல்லாம் ஒட்டின போஸ்டர் மாதிரி. வாயால் கூப்பிடும்போது ஜேகே என்று நறுக்குகிறவர்கள், பழிக்கு மட்டும் முழுப்பெயர். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. அந்தக் கோப்பை நான் என்ன செய்தேன்? இடைவெளியைச் சரிசெய்தேன். அவ்வளவுதான். ஒருவர் வரியை உள்ளே தள்ளி எழுதியிருந்தார், இன்னொருவர் ஓரத்திலேயே எழுதியிருந்தார், படித்தால் தலை வலிக்கும். எல்லாவற்றையும் ஒரே சீராக வை என்று சொன்னதே இந்த ரகோத்தமன்தான். "கோட் நீட்டா இருக்கணும் ஜேகே, ஒரு லேடீஸ் டச் குடு" என்று சிரித்துக்கொண்டே. லேடீஸ் டச்சாம். அப்போதே நாலு கேட்டிருக்க வேண்டும், நானும் சிரித்துத் தொலைத்தேன். ஒரு பொத்தானை அமுக்கினேன், எல்லா வரியும் முன்னால் இருந்த வெற்றிடத்தை நகர்த்திக்கொண்டு ஒழுங்காக நின்றன. ஓர் எழுத்தை நான் மாற்றவில்லை. ஆனால் எல்லா வரியையும் கடைசியாகத் தொட்டவள் நானாகிவிட்டேன். பெருக்கித் துடைத்தவளைப் பிடித்துக்கொண்டு, வீட்டைக் கோணலாகக் கட்டினது நீதானே என்றால் என்ன சொல்வது? இடைவெளியைக் கணக்கில் எடுக்காதே என்று ஒரு வார்த்தை சேர்த்தால் அதே கட்டளை அடியில் இருக்கிற பழைய பெயரைக் காட்டும். அதை அந்த மீட்டிங்கிலேயே சொன்னேன். "ரகோ, ஸ்பேஸை விட்டுட்டுப் பாருங்க, வேற பேர் வரும்." அவர் சொன்னார், "இந்த பிளேம் கேமெல்லாம் வேண்டாம் ஜேகே, ஓனர்ஷிப் எடுத்துக்க." பிளேமைத் திரையில் விரித்து வைத்துக்கொண்டே சொன்னார். பிறகு நானே என் இடத்தில் போட்டுப் பார்த்தேன். அடியில் ஒரு மனிதரும் இல்லை. கம்பெனி ஆரம்பித்த காலத்தில் எல்லாரும் ஒரே கம்ப்யூட்டரில் ஒரே கணக்கில் நுழைந்து வேலை பார்த்தார்களாம், அந்தக் கணக்கின் பெயர் மட்டும் இருந்தது, ‘பில்ட்’ என்று. அந்தப் பில்டுக்கு எச்.ஆர். போன் செய்ய முடியாது. அதற்குச் சாப்பாட்டுப் பையும் கிடையாது. பெயர் வைத்துக்கொண்டு வேலை பார்த்த இளிச்சவாய் நான் ஒருத்திதான்.

பிடுங்கு. சரி, கோபத்தை ஓரமாக வை ஜெயக்கொடி, யோசி. எங்கே பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்க, வழியில் அங்கங்கே ‘இங்கே வந்தேன், இப்போது இதைச் செய்கிறேன்’ என்று எழுதிக்கொண்டே போகும்படி ஒரு வரி சேர்ப்போம். சேர்த்தால் தவறே நடப்பதில்லை. நேற்று முழுக்கப் பிடுங்கினேன், செருகினேன், உத்தமமாக நடந்துகொண்டது. அந்த வரியை எடுத்தால் பழைய குருடி. இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு மட்டும் பள்ளிக்கூடம் பளபளவென்று இருக்கும் பாருங்கள், அந்த மாதிரி. பார்க்கிறோம் என்று தெரிந்தால் ஒழுங்கு. இதில் ஒரு விஷயம் மட்டும் தெரிகிறது. எழுதுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது, அந்தக் கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. அப்படியானால் எதுவோ ஒன்று அவசரப்பட்டு முந்துகிறது. எது எதை முந்துகிறது? அதுதான் முடிச்சு. அதை அவிழ்க்கப் போனால் மண்டைக்குள் ரகோத்தமன் பேசுகிறார், ஷாமினி பேசுகிறாள், என் வீட்டுக்காரர் பொன்ராஜ் பேசுகிறார், பெட்டிக்குள் இருக்கிற விசிறி வேறு உய்யென்று கத்துகிறது. கண்ணாடிக்கு வெளியே பழைய மகாபலிபுரம் ரோட்டில் மெட்ரோவுக்குத் தோண்டின பள்ளத்தில் மழைத்தண்ணீர் நிற்கிறது. அதன் ஓரமாக ஒரு பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். நாளை முதல் நான் இந்த ரோட்டில் வர வேண்டாம். பகல் பதினொரு மணிக்கு வீட்டில் இருப்பேன். பதினொரு மணிக்கு எங்கள் ஃபிளாட் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. வெயில் எந்த ஜன்னலில் விழும், எந்த வீட்டில் சீரியல் ஓடும், ஒன்றும் தெரியாது. நாற்பத்து மூன்று வயதில் யார் என்னைக் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? மகள் நறுமுகை ப்ளஸ் டூ. பயமாக இருக்கிறது. பயத்தைக் காட்டினால் இவர்கள் மிதிப்பார்கள் என்பதால் கோபமாக இருக்கிறேனோ என்னவோ. இல்லை, கோபம் நிஜமாகவே கோபம்தான்.

கதவு திறந்தது. ரகோத்தமன், கையில் காபிக் கோப்பை. லேபுக்குள் காபி கொண்டுவரக் கூடாது என்று மெயில் போட்டதே இவர்தான். "ஜேகே, எனி லக்?" என்றார். இன்னும் இல்லை என்றேன். "ஒண்ணு பண்ணு யா. கனெக்ட் ஆன உடனே ஒரு ரெண்டு செகண்ட் வெயிட் போட்டுடு. முடிஞ்சுது. ஈவ்னிங் கால்ல கஸ்டமர் கேப்பாங்க." எதற்கு அந்த இரண்டு செகண்ட் என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். "ஸ்டெபிலிட்டி இம்ப்ரூவ்மென்ட்" என்றார், கண்ணிமைக்காமல். இரண்டு செகண்டில் சரியாகும், மூன்று செகண்ட் ஆகிற அன்றைக்கு இன்னொரு ஆஸ்பத்திரியில் படம் போகும், அப்போது இன்னொருத்தி பெயர் கிடைக்கும். இதைச் சொல்ல வாயெடுத்தவள் வேறொன்றைக் கேட்டேன். "நாலு மணிக்கு ஷாமினி கூப்பிட்டிருக்காங்க ரகோ." அவர் சுவரில் இருந்த தீயணைப்பு உருளையைப் படிக்க ஆரம்பித்தார். "ஆமா, கேள்விப்பட்டேன். அது மேலேருந்து வந்த டெசிஷன். பர்சனலா எனக்கு உன்மேல ஒண்ணும் இல்ல." "அந்தக் கோட் நான் எழுதினது இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்ல?" "ஜேகே, அதில்ல மேட்டர். என்ன ஆக்‌ஷன் எடுத்தீங்கன்னு கஸ்டமர் கேக்கறான். ஏதாவது ஒரு பேரைக் காட்டணும்ல." சொல்லிவிட்டார். எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார். பேரைக் காட்டணும். கதவுப்பக்கம் போனவர் திரும்பினார். "போறதுக்கு முன்னாடி அந்த ஃபிக்ஸை மட்டும் போட்டுடு, ப்ளீஸ். உன்னை விட்டா அந்த ஃபைல் இங்க யாருக்கும் புரியாது." கதவு தானாக மெல்ல மூடிக்கொண்டது. ஓங்கிச் சாத்தக்கூட முடியாத கதவு. கையில் இருந்த கேபிளை அவர் முதுகில் வீசியிருக்கலாம், மேசைமேல் வைத்தேன். எனக்கு மட்டும்தான் புரியுமாம், அதனால் திருத்திக் கொடுத்துவிட்டு, திருத்தத் தெரிந்த குற்றத்துக்கு வெளியே போக வேண்டுமாம்.

போனில் பொன்ராஜ். ‘என்னாச்சு?’ அதற்கு மேலே காலையில் அனுப்பியது அப்படியே இருக்கிறது. ‘சண்டை போடாத. குடுக்கறதை வாங்கிட்டு, சொல்றதை எழுதிக் குடுத்துட்டு வந்துடு. ரிலீவிங் லெட்டர் முக்கியம்.’ முறைப்படி விடுவித்தோம் என்கிற அந்தக் கடிதம் இல்லாமல் அடுத்த கம்பெனி சேர்த்துக்கொள்ளாது. என் வீட்டுக்காரர் அனுபவஸ்தர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு கம்பெனியில் இதே சின்ன டிஸ்கஷன் அவருக்கும் நடந்தது. லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தார்களாம். சொந்தக் காரணங்களுக்காக ராஜினாமா செய்கிறேன் என்று கடிதம் தயாராக இருந்ததாம். நாமே எழுதினால் மரியாதை என்றார்களாம். அவரும் அவருடைய கணக்கிலிருந்து அதை அனுப்பிவிட்டு, நன்றி என்று கைகுலுக்கிவிட்டு வந்தார். கைகுலுக்கினாராம்! "ஏன் எழுதிக் குடுத்தீங்க?" என்று நான் கத்தின கத்தலில் பக்கத்து ஃபிளாட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். அதற்குப் பிறகு போன இன்டர்வியூவில் எல்லாம் ஒரே கேள்வி. ஏன் விட்டீங்க? சொந்தக் காரணம். என்ன சொந்தக் காரணம்? உடம்பு சரியில்லாதவரோ, வீட்டில் தகராறோ, எங்கேயோ கை வைத்துவிட்டு வந்தவரோ என்று எதிரே இருப்பவர்கள் தாங்களாகவே நிரப்பிக்கொண்டார்கள். துரத்திவிட்டார்கள் என்று சொல்ல வழியில்லை, அவரே எழுதிக் கொடுத்திருக்கிறாரே. என் மாமியார் இன்றைக்கும் கேட்கிறார், அவ்வளவு நல்ல வேலையை எதுக்குப்பா விட்டே என்று. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன வாரம் சாப்பிடும்போது நறுமுகையிடம் சொல்கிறார், "அப்பாக்கு அந்த டென்ஷன் ஒத்துக்கலம்மா, நானே விட்டுட்டேன்." பொய் சொல்கிற முகம் இல்லை. நம்பியே சொல்கிறார். அந்தக் கடிதம் உள்ளே போய் அவருக்கு நடந்ததையே மாற்றி எழுதிவிட்டது. தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்த நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். என்ன கோபம் என்று அவர் கேட்டார். தலைவலி என்றேன். அவர்மேல் கோபமா, அவர்களின்மேல் கோபமா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வரவில்லை. இரண்டும் ஒரே கொதி.

சாப்பாட்டிலிருந்து எழுந்தது என்றால் அது மட்டுமா. அவருடைய மாமா மகள் கல்யாணம், சாத்தூரில். அன்றைக்குக் காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படவில்லை, தலைக்குள் கிறுகிறுவென்று வந்தது. முதல் பந்தி அப்போதுதான் எழுந்தது, இலைகூட இன்னும் எடுத்து முடிக்கவில்லை, கூட்டம் நெருக்குகிறது என்று எவனோ கதவைத் திறந்துவிட்டான். திமுதிமுவென்று உள்ளே போனோம், முதல் பந்தியில் யாரும் உட்காராத ஒரு நாற்காலியில் நானும் உட்கார்ந்தேன். இலை போட்டார்கள், தண்ணீர் தெளித்தேன், லட்டு வைத்தார்கள், உருளைக்கிழங்கு வைத்தார்கள், சாதம் வருகிறது. அந்தக் கோடியிலிருந்து முதல் பந்திக்காரர்களின் எச்சில் இலையை எடுக்கிற ஆள் மேசைக் காகிதத்தோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டே வந்தார். நிற்கவே இல்லை. என் இலையையும் லட்டோடு சேர்த்துச் சுருட்டினார். "ஏங்க, நான் இன்னும் கையே வைக்கலை" என்றேன். "எந்திரிச்சாச்சு, எல்லாத்தையும் எடுன்னு சொன்னாகளே" என்றார் அவர், தொட்டியை இழுத்துக்கொண்டு. அவர் மேல் என்ன தப்பு, எடுக்கச் சொன்னார்கள், எடுத்தார். வாசலில் மாமா நின்றுகொண்டு சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சா என்று ஒவ்வொருவரையும் கேட்கிறார். எனக்குப் பதிலாகப் பொன்ராஜ் முந்திக்கொண்டு "ஆச்சு மாமா, திருப்தியாச் சாப்பிட்டோம்" என்றார். வயிறு ஒட்டிப்போய் நான் பக்கத்தில் நிற்கிறேன். ஆச்சாம். மாமா சந்தோஷமாக அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டார். கதவைத் திறந்தவன் எவன் என்று அன்றைக்குப் பூராவும் தேடினேன், இலையை எடுக்கிறவர் முடித்துவிட்டாரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திறந்தால் என்ன கேடு அவனுக்கு, கேட்டுவிட்டு... கேட்டுவிட்டுத் திறக்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது. எடுப்பதும் உட்காரவைப்பதும். மேசைமேல் இருந்த கேபிளைத் தள்ளிவிட்டேன். அது மேசை விளிம்பில் இடித்துத் தொங்கியது. கோப்பைத் திறந்தேன். தொடர்பு அறுந்து சேரும்போது இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, அறுந்தபோது பாதியில் நின்றுபோன பழையவற்றைப் பந்தியிலிருந்து எடுத்துப் போடுவது. இன்னொன்று, ‘இணைப்பு தயார்’ என்று கதவைத் திறந்துவிடுவது. முதலில் இது, பிறகு அது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. இரண்டையும் சேர்ந்தாற்போல் கிளப்பிவிட்டிருந்தார்கள். எடுக்கிறவர் பெரும்பாலும் முதலில் முடித்துவிடுகிறார், ஒரு வம்பும் இல்லை. என்றைக்கோ கொஞ்சம் பிந்துகிறார், அதற்குள் கதவு திறந்து புதுப்படம் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது, வந்ததும் வாங்கிக்கொண்டேன் என்று பதில் போய்விடுகிறது, அவர் அதையும் சேர்த்துச் சுருட்டிக் குப்பையில் போடுகிறார். நான் சேர்த்த வரி கதவைத் திறக்கிற கையைக் கொஞ்சம் தாமதப்படுத்தியது, அதனால்தான் பார்க்கும்போது மட்டும் யோக்கியம். அடப்பாவிகளா என்று வாய்விட்டே சொன்னேன்.

திருத்தம் சின்னது. எடுக்கிறவர் முடித்துவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் கதவைத் திற. இரண்டு செகண்ட் இல்லை, இருபது செகண்ட் இல்லை, அவர் சொல்கிறவரை. எழுதினேன். வேவு பார்க்கிற வரிகளை எல்லாம் எடுத்துவிட்டேன். எடுக்கிறவரை வேண்டுமென்றே தாமதப்படுத்திப் பழைய கோப்பில் ஓட்டினேன், உடனே படம் தொலைந்தது, பிடிபட்டது திருடு. புதுக்கோப்பில் ஓட்டினேன். பிடுங்கினேன், செருகினேன், கை ஓயும்வரை. கதவு காத்திருந்தது. ஒன்றும் தொலையவில்லை. சந்தோஷம் பொங்கி வந்தது, யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது, திரும்பிப் பார்த்தால் லேபில் நானும் பெட்டியும்தான். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. இதைக் கொடுக்காதே. இது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது, அவரே சொன்னாரே, உன்னை விட்டால் யாருக்கும் புரியாது என்று. மேலே போய் உட்கார்ந்து, வேலையைக் கொடு, திருத்தத்தைத் தருகிறேன் என்று சொல். எவ்வளவு நன்றாக இருக்கும். ரகோத்தமன் ஈவ்னிங் காலில் பேந்தப் பேந்த விழிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். ஷாமினி ஓடிப்போய் யாரையோ கேட்டுவிட்டு வருவதையும் பார்த்துவிட்டேன். ஒரு நிமிஷம் அந்தச் சுகத்தை முழுசாக அனுபவித்தேன். பிறகு அந்தக் குழம்புக்காரி வந்துவிட்டாள், கழுத்தைத் தடவிக்கொண்டு. நாளைக் காலையில் எங்கேயோ ஒருத்தி மல்லாந்து படுப்பாள், திரை சேமித்தாயிற்று என்று சொல்லும். நான் பேரம் பேசி முடிக்கிறவரை அவள் என்ன செய்வாள்? சனியன், இதற்கும் ஒரு வழி இல்லாமல் போயிற்று. இவர்கள் எத்தனை மோசமாக நடந்தாலும் நான் ஒழுங்காக வேலை செய்துதான் ஆக வேண்டும் என்பதில் எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, அழுகையாக முட்டியது. அழவில்லை. திருத்தத்தை அனுப்பினேன். கூடவே எழுத வேண்டிய குறிப்பில் ஸ்டெபிலிட்டி இம்ப்ரூவ்மென்ட் என்று எழுதவில்லை. பழையதை எடுத்து முடிக்கும் முன்பே இணைப்பு தயார் என்று சொல்வதால் புதிதாக வந்த தகவல் அழிகிறது, இந்தப் பிழை கோப்பின் முதல் நாளிலிருந்தே இருக்கிறது என்று, யார் படித்தாலும் புரிகிற மாதிரி எழுதினேன். ரகோத்தமனிடமிருந்து உடனே பதில் வந்தது. ஒரு கட்டைவிரல், ஒரு ‘சூப்பர் யா’, அதன் கீழே ‘மேலே போயிட்டியா?’

ஷாமினியின் அறையில் செடி ஒன்று இருக்கிறது, பிளாஸ்டிக். அவள் எழுந்து நின்று வரவேற்றாள், தண்ணீர் வேண்டுமா என்றாள், நறுமுகை எப்படிப் படிக்கிறாள் என்றாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஷாமினிக்காக மதியமெல்லாம் கட்டிவைத்த பெட்டி, கேபிள், டிரைவர் விளக்கம் எதையும் எடுக்கவில்லை. கேட்பதற்காக அவள் கூப்பிடவில்லை என்பது அந்த அறைக்குள் நுழைந்தவுடனே தெரிந்துபோயிற்று. மேனேஜ்மென்ட் என்றாள், டிஃபிகல்ட் டைம்ஸ் என்றாள், என்னுடைய பங்களிப்பை மதிக்கிறோம் என்றாள், பிறகு லேப்டாப்பை மெதுவாக என் பக்கம் திருப்பினாள். "டிராஃப்ட் ரெடியா இருக்கு ஜேகே. உங்க ஐடில லாகின் பண்ணி ஜஸ்ட் அனுப்பிட்டாப் போதும். நம்மளே குடுத்துட்டா டிக்னிஃபைடா இருக்கும்." சின்னப் பெண், நன்றாகத்தான் பேசுகிறாள். எத்தனை பேரிடம் சொல்லிச் சொல்லிப் பழகினதோ. படித்தேன். சொந்தக் காரணங்களுக்காக, நான், என் விருப்பத்தின்பேரில். அடியில் என் பெயர், ஓர் எழுத்து பிசகாமல். கோப்பு பூராவும் எனக்குச் சொந்தமில்லாத வரிகளில் என் பெயர், இப்போது இதிலும். கைப்பையில் போன் அதிர்ந்தது, பொன்ராஜாகத்தான் இருக்கும். "இதுல சொந்தக் காரணம்னு போட்டிருக்கு. என்ன காரணம் ஷாமினி?" என்றேன். அவள் சிரித்தாள். "அது ஜெனரலாப் போடறது ஜேகே, எல்லாரும் அப்படித்தான்." "எனக்குச் சொந்தமா ஒரு காரணமும் இல்லை. நான் வேலையை விடலை. நீங்க எடுக்கறீங்க. எடுக்கறவங்கதானே எழுதணும்?" அவள் முகத்தில் இருந்த சர்க்கரை காணாமல் போயிற்று. "ப்ளீஸ், யோசிச்சுப் பேசுங்க. ரிலீவிங் லெட்டர் கிடைக்காது. டெர்மினேஷன்னு ரெக்கார்ட்ல ஏறிடும். அடுத்த வேலைக்குப் போறப்போ உங்களுக்குத்தான் கஷ்டம்." தெரியும். எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அவளைவிட நன்றாகவே தெரியும், அந்தக் கஷ்டத்தோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். "ஏறட்டும். எழுதுங்க" என்றேன். லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். அந்தக் கடிதத்தை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறந்தாள். விரல்களை விசைகளின்மேல் வைத்தாள். ஓர் எழுத்தும் அடிக்கவில்லை. திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், யாராவது வந்து காப்பாற்ற மாட்டார்களா என்பது போல. "நாங்க குடுக்கணும்னா காரணம் போட்டாகணுமே ஜேகே" என்றாள். போடுங்கள் என்றேன். "என்னன்னு போடறது?" நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"அதைத்தான் காலையிலேருந்து நானும் கேட்டுட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப்போட்டு, அவள் எழுதி முடிக்கட்டும் என்று உட்கார்ந்துகொண்டேன்.